ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து அடிபட்டால்: அது யார் போட்ட பள்ளம் என்று நிரூபிப்பது எப்படி?

ஐப்பசி மழை, இரவு எட்டரை மணி. என் மைத்துனர் பைக்கோடு ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்தார். காறை எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்தன. பள்ளம் இருந்தது, அவர் விழுந்தார், ஆஸ்பத்திரி பில் கையில் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துத்தான் வக்கீலிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "பள்ளம் சரி. யார் போட்ட பள்ளம்?"

எங்களிடம் பதில் இல்லை. ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. தெருவிளக்கு உள்ளாட்சியுடையது. அடியில் போகும் குழாய் குடிநீர் வாரியத்துடையது. குழாய் பதிக்கத் தோண்டியவர் ஒரு கான்ட்ராக்டர். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். இதிலேயே நான்கு மாதம் போனது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. தமிழ்நாட்டில் எங்களுக்கு நடந்ததையும், நடக்கும்போது கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். சட்டப் பிரிவுகளை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. பள்ளத்தை மூடுவதற்குள் போய்ப் படம் எடுங்கள்

அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ரோட்டைப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ஆனால் விபத்து நடந்த பள்ளத்தை மூடும் வேகத்தில் வேறெந்தப் பள்ளத்தையும் மூட மாட்டார்கள். எங்கள் பள்ளத்தில் மூன்றாம் நாள் காலையில் இரண்டு லோடு ஜல்லி கொட்டியாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் மாலை நான் போய் எடுத்த பதினேழு படங்கள்தான் இன்றைக்கு வழக்கின் முதுகெலும்பு.

ஐந்து மீட்டர் டேப் ஒன்று எடுத்துப் போங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் டேப்போடு சேர்த்துப் படமெடுங்கள். ரோட்டின் ஓரத்திலிருந்து பள்ளம் எவ்வளவு தூரம் என்பதையும் அளந்துகொள்ளுங்கள். எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி, "வண்டியை ஏன் ஓரத்தில் ஓட்டினார்?" என்பதுதான். பக்கத்தில் ஒரு மின்கம்பம், கடைப் பலகை, கிலோமீட்டர் கல் என்று நகராத பொருள் எதுவாவது படத்தில் விழ வேண்டும். மின்கம்பத்தில் நம்பர் எழுதியிருக்கும், அதையும் எடுங்கள். விபத்து இரவில் நடந்திருந்தால் அதே நேரத்துக்கு மறுபடி போய், பிளாஷ் போடாமல் ஒரு படம். விளக்கு எரிகிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும். மழை நாள் என்றால் தண்ணீர் நிறைந்த நிலையிலும் ஒன்று எடுங்கள். தண்ணீர் நிறைந்த பள்ளம் தட்டையான ரோடு மாதிரியே தெரியும். எங்கள் மைத்துனர் அதைத்தான் நம்பினார்.

இல்லாததையும் படமெடுங்கள். தடுப்பு இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை என்று காட்ட, இரண்டு பக்கமும் ஐம்பது மீட்டர் நடந்துகொண்டே ஒரு வீடியோ போதும். ரோட்டில் வேலை நடக்கும் இடத்தில் என்னென்ன வைக்க வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி இருக்கிறது. கான்ட்ராக்ட் ஒப்பந்தங்களிலும் அதைக் குறிப்பிடுவது உண்டு.

வண்டியை ரிப்பேருக்கு விட வேண்டாம், ஹெல்மெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஹெல்மெட்டில் உள்ள கீறல், அவர் அதைப் போட்டிருந்தார் என்பதற்குச் சாட்சி.

2. பள்ளத்தின் வடிவத்தைக் கவனியுங்கள்

எனக்கு உதவியது ஓய்வுபெற்ற ஒரு ரோடு இன்ஜினியர். படங்களைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

ஓரங்கள் நேர்கோடாக, இரண்டு பக்கமும் இணையாகப் போனால் அது யாரோ வெட்டிய பள்ளம். கிண்ணம் மாதிரி வட்டமாக, ஓரம் பிய்ந்து பிய்ந்து இருந்தால் தார் தேய்ந்து, தண்ணீர் இறங்கி, வண்டி ஏறி ஏறி உண்டானது. முதலாவதில் தோண்டியவர் யார் என்று தேட வேண்டும். இரண்டாவதில் பராமரிக்காதவர் யார் என்று தேட வேண்டும். இரண்டும் வேறு வேறு வழக்கு.

மூன்றாவதாக ஒன்று உண்டு. குழாய்க்காகத் தோண்டி, மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி மூடி, மேலே லேசாகத் தட்டிவிட்டுப் போவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்காக இடித்து இறுக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாத மண் முதல் மழையில் ஒரு கோடாக உள்வாங்கும். எங்களுடையது இதுதான். நீல நிறக் குழாயின் ஒரு துண்டு ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தனியாக, நெருக்கமாக ஒரு படம் எடுத்திருந்தேன். அது பின்னால் எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது.

நான்காவது, அடியில் குழாய் கசிந்து மண் அரித்துப் போவது. மழை இல்லாத நாளிலும் பள்ளத்தில் தண்ணீர் ஊறினால் சந்தேகப்படுங்கள். குடிநீரில் குளோரின் பார்க்கும் கிட் கடைகளில் கிடைக்கும். பள்ளத்துத் தண்ணீரில் சொட்டு விட்டதும் மஞ்சளானால் அது பெரும்பாலும் குழாய்த் தண்ணீர். மழைத் தண்ணீரில் குளோரின் வராது. நிறம் மாறாவிட்டால் குழாய் கசியவில்லை என்று ஆகிவிடாது, மண்ணில் ஊறும்போதே குளோரின் போய்விடும். இந்தச் சோதனையை இரண்டு சாட்சிகள் முன்னால், வீடியோவோடு செய்யுங்கள்.

மரம் அல்லது கிளை விழுந்திருந்தால், முறிந்த முகத்தைப் படமெடுங்கள்: உள்ளே பொந்தா, கரையானா, பச்சையா? அப்புறம் வேரைப் பாருங்கள். கேபிள் பள்ளம் தோண்டும்போது வேரை வெட்டியிருந்தால் வெட்டு நேராக இருக்கும். அது "இயற்கைச் சீற்றம்" என்ற பதிலைக் காலி செய்யும். டிப்பர் லாரி சிந்திய மண், விதியை மீறிப் போட்ட வேகத்தடை இவற்றுக்கும் இதே கேள்விதான்: யார், எப்போது, எதற்காக?

3. ஆஸ்பத்திரியிலும் ஸ்டேஷனிலும் எழுதும் அந்த ஒரு வரி

பலருடைய வழக்கு இங்கேதான் சாய்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் எப்படி அடிபட்டது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், எழுதுவார்கள். கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டி ஸ்கிட் ஆகிவிட்டது" என்பார். அந்த "ஸ்கிட்" என்ற ஒரு சொல்லை மூன்று வருடம் கழித்துக் கோர்ட்டில் உரக்கப் படிப்பார்கள். "இன்ன ரோட்டில், இன்ன இடத்துக்கு எதிரே, பள்ளத்தில் சக்கரம் இறங்கி விழுந்தார்" என்று சொல்லுங்கள், அப்படியே எழுதச் சொல்லுங்கள். குடிக்கவில்லை என்றால் அதையும் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

போலீசிலும் இதே கதைதான். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டித் தானே விழுந்து" என்ற வாக்கியம் அங்கே தயாராக இருக்கும். புகாரை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். பள்ளத்தின் அளவு, தடுப்பு இல்லாதது, விளக்கு எரியாதது எல்லாம் அதில் இருக்கட்டும். முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் தருவார்கள். எப்.ஐ.ஆர். போடச் சொல்லிக் கேளுங்கள், அதன் நகல் இலவசம். மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4)ன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். எங்கள் விஷயத்தில் நான் போனது ஒன்பதாம் நாள். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு தாளை நிறையப் பேர் கேட்பதே இல்லை. விபத்து விவரங்களைப் போலீசார் இ-டார் என்ற கணினித் தொகுப்பில் ஏற்றுகிறார்கள். அதன் அடிப்படையான ஐராட் என்ற விபத்துத் தகவல் தொகுப்பு சென்னை ஐ.ஐ.டி.யின் உதவியோடு உருவானது. ரோடு எந்தத் துறையுடையதோ அந்தத் துறை இன்ஜினியரும் இடத்தைப் பார்த்து விவரம் பதிய அதில் வழி இருக்கிறது. அவர் என்ன எழுதினார், அல்லது எழுதவே இல்லையா என்று பின்னால் தகவல் உரிமையில் கேளுங்கள்.

4. கேமரா பதிவு: ஆள் போங்கள், பென் டிரைவோடு போங்கள்

கடை கேமராவில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். சில கடைகளில் ஒரு வாரம்கூடத் தங்காது. அன்றைக்கே போய்க் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், படம் சுருங்கும், தேதி விவரமும் போய்விடும். பென் டிரைவில் மூலக் கோப்பாக வாங்குங்கள்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் ஏற்க அதன் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்றைப் பதிவைத் தருபவரும் இன்னொன்றை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். உங்கள் போனில் எடுத்த படங்களுக்கும் இது பொருந்தும். அதனால் போனை விற்றுவிடாதீர்கள். கடைக்காரரிடம் கையெழுத்தை அப்போதே கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால், "எதுக்குத் தம்பி வம்பு?" என்பார்.

விபத்தன்றைய பதிவு மட்டும் போதாது. அதற்கு முந்தின நாள்களின் பதிவும் கிடைத்தால் கேளுங்கள். பள்ளம் எத்தனை நாளாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

5. யாருடைய ரோடு, யார் தோண்டினார்கள்: 10 ரூபாயில் கேளுங்கள்

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும். கெடு தாண்டினால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கப்புறம் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

ஒரே மனுவை நெடுஞ்சாலை, உள்ளாட்சி, குடிநீர், மின்வாரியம் என்று எல்லாருக்கும் தனித்தனியாக, ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவருக்கு அனுப்பினால் அவர் உரியவருக்கு மாற்றிவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அந்த மாற்றத்திலேயே இரண்டு மாதம் கரையும். "ஏன் மூடவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் பதில் வராது, ஆவணம் கேட்டால் வரும். நாங்கள் இரண்டாவது முறை கேட்டவை இவை:

அந்த இடத்தில் ரோட்டை வெட்ட, விபத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில் கொடுத்த அனுமதிகள், நிபந்தனைகளோடு. வேலை உத்தரவும் கான்ட்ராக்டருடன் போட்ட ஒப்பந்தமும். அந்த இடத்தைப் பற்றி வந்த புகார்களும் எடுத்த நடவடிக்கையும். விபத்துக்குப் பிறகு மூடியதற்கான எஸ்டிமேட், பில், எம் புக் பக்கங்கள்.

எம் புக் என்பது செய்த வேலையை இன்ஜினியர் அளந்து தேதி போட்டுப் பதியும் புத்தகம். எங்கள் வழக்கு திரும்பியது அதில்தான். மீண்டும் மண் நிரப்பியது என்று பதிந்த தேதி விபத்துக்குப் பதினோரு நாள் முன்னால். மேலே தார் போட்டதாக எந்தப் பதிவும் இல்லை. அதாவது பதினோரு நாளாக வெறும் மண். நீலக் குழாயின் படத்தையும் வேலை உத்தரவையும் பக்கத்தில் வைத்ததும், யார் போட்ட பள்ளம் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்று: தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் 'தகவல் உரிமை' என்பதற்குத் தரும் வரையறையில், வேலையை நேரில் பார்வையிடுவதும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரி எடுப்பதும் அடங்கும். யாரும் கேட்பதில்லை. கேளுங்கள்.

6. அவர்களுக்கு முன்பே தெரியும் என்று காட்டுங்கள்

தாங்களே தோண்டிய பள்ளம் என்றால் தெரியாது என்று சொல்ல முடியாது. தானாக உண்டான பள்ளம், விழுந்த மரம் என்றால் இந்தப் படிதான் கடினம்.

இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை உங்கள் வக்கீல் சொல்வார். டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து ஆட்கள் இறந்த வழக்கில், 1966இல், மாநகராட்சிதான் பொறுப்பு என்றது கோர்ட். கட்டடத்துக்கு 80 வயது, அதில் பூசிய மாதிரிக் கலவையில் கட்டியதன் ஆயுளோ 40 முதல் 45 ஆண்டு. அது விழுந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். ராஜ்கோட்டில் ரோட்டோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கிலோ, 1997இல், கீழ்க் கோர்ட்டுகளில் ஜெயித்த குடும்பம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மரம் பட்டுப்போயிருந்தது மாநகராட்சிக்குத் தெரியும் என்று காட்ட முடியவில்லை. இரண்டாவது தீர்ப்பைத்தான் எதிர்த்தரப்பு தூக்கிக்கொண்டு வரும்.

ஆகவே பழைய புகார்களைத் தேடுங்கள். சென்னையில் 1913, முதல்வரின் உதவி மையம் 1100, தேசிய நெடுஞ்சாலையில் 1033, நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலி. தெருக்காரர் யாராவது இவற்றில் புகார் செய்திருந்தால் அந்தப் புகார் எண் தங்கம். தெரு வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டோ போட்டிருப்பார்கள், பழைய பேச்சை மேலே தள்ளிப் பாருங்கள்.

எங்கள் பள்ளத்தில் எதிர் டீக்கடைக்காரர் ஒரு வேப்பங்கிளையை நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தார். ஐந்து நாளாக இருந்ததாம், விபத்தன்று மழையில் சாய்ந்துவிட்டது. எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி: ஊருக்கே தெரிந்த பள்ளம்! எதிர்த்தரப்பு வக்கீல் அதையே திருப்பினார்: "எச்சரிக்கை இருந்ததே, ஏன் பார்க்கவில்லை?" கிளை எப்போது சாய்ந்தது என்பதை டீக்கடைக்காரர் நேரத்தோடு எழுதித் தந்த பிறகுதான் அது நிமிர்ந்தது. சாட்சி சொல்லும் எதிலும் நாள், நேரம் இருக்கும்படி அன்றைக்கே எழுதி வாங்கி வையுங்கள்.

7. கெடு: இங்கேதான் பலர் விழுகிறார்கள்

மாநில அரசுத் துறைமேல் சிவில் வழக்கு என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி முதலில் நோட்டீஸ், பிறகு இரண்டு மாதக் காத்திருப்பு. செயலருக்கோ கலெக்டருக்கோ போக வேண்டும். உள்ளாட்சி, வாரியங்களுக்கு அவரவர் சட்டத்தில் தனி நோட்டீஸ் விதி இருக்கலாம். 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். டெலிவரிச் சான்றோடு அதிலேயே அனுப்புங்கள்.

காயத்துக்கு நஷ்டஈடு கேட்க மூன்று வருடம் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதீர்கள். சட்டப்படி ஆற்றும் கடமையில் செய்தது, செய்யாமல் விட்டது பற்றிய வழக்குக்கு ஒரு வருடம்தான் என்று காலவரையறைச் சட்டத்தின் 72ஆம் இனம் சொல்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். ஒரு வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸுக்காகக் காத்திருந்த காலத்தைக் கெடுவில் கணக்கிட மாட்டார்கள், ஆனாலும் அதை நம்பி இழுக்க வேண்டாம். உயிர் போயிருந்தால் குடும்பத்தார் 1855ஆம் ஆண்டு உயிரிழப்புச் சட்டப்படி போடும் வழக்குக்கு இரண்டு வருடம்.

துறை, கான்ட்ராக்டர் இருவரையும் முதலிலேயே பிரதிவாதியாகச் சேருங்கள். பின்னால் ஒருவரைச் சேர்த்தால், பொதுவாக அவர்மேல் வழக்கு சேர்த்த நாளில்தான் தொடங்கியதாகக் கணக்கு. அதற்குள் கெடு முடிந்திருக்கும். நாங்கள் முதல் நோட்டீஸைத் தவறான துறைக்கு மட்டும் அனுப்பி நான்கு மாதம் இழந்தது இதனால்தான் பயமுறுத்தியது.

8. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

பள்ளத்தைத் தவிர்க்கப் போய் இன்னொரு வண்டி மோதியிருந்தால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். அங்கே 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு. வேறு வண்டியே இல்லை என்றால் சிவில் கோர்ட். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம், 10 லட்சம் கேட்டால் 30,000. கட்ட முடியாதவர் வறியவர் மனுவாகப் போடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம், எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் சேவை சம்பந்தப்பட்டதென்றால் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தையும் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள், அங்கே கோர்ட் கட்டணம் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது அரசுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு, போட்டால் சீக்கிரம் முடியும் என்பார்கள். உண்மை பற்றியே சண்டை என்றால், "சிவில் கோர்ட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். ஆவணம் எல்லாம் அவர்கள் வாயாலேயே வந்திருந்தால் முயலலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். வண்டி இன்சூரன்ஸில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால், சாவுக்கும் பாலிசியில் சொன்ன நிரந்தர ஊனங்களுக்கும் யார் தப்பு என்று நிரூபிக்காமலே கேட்கலாம். லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும்.

எங்கள் கைச்செலவு: தகவல் உரிமை, தபால், நகல் எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்க்குள். இன்ஜினியர் அறிக்கைக்கு 6,000. வக்கீல் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

9. சாட்சியைக் கைவிடாதீர்கள்

டீக்கடைக்காரர் போன வாய்தாவுக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது, விசாரிக்காமலே அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் நான் ஐந்நூறு ரூபாயை அவர் சட்டைப்பையில் வைக்கப் போனேன். வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்களாம். சாட்சி வந்துபோவதற்கான படியை, அதாவது பேட்டாவை, கோர்ட்டில் மனுவோடு கட்டி, கோர்ட் வழியாகவே கொடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடைக்காரர் அடுத்த வாய்தாவுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள அவர் மகனுக்கு லீவு கிடைக்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி.